எண்ணெயும் மனச்சிதைவு நோயும்: விவசாயக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். இதைச் சுற்றியுள்ள கிராமங்களின் விவசாயிகளுக்கு மல்லாட்டையைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நன்கு முற்றிய பருப்பில் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் என்பதும், காய்ச்சல் போதாத காயைச் செக்கில் போட்டால் எண்ணெய் குறையும் என்பதும் அவர்கள் அனுபவத்தில் கண்டவை. ஆனால் அந்த எண்ணெயில் அடங்கியுள்ள கொழுப்பு அமிலங்கள் மனித உடலில், குறிப்பாக மூளையில், என்ன வேலை செய்கின்றன என்பது பற்றி விவசாயப் பகுதிகளில் அதிகம் எழுதப்படுவதில்லை.

அண்மையில் இவ்வட்டாரத்தில் எண்ணெய் வித்துப் பயிற்சி ஒன்று முடிந்தபின் ஒரு விவசாயி தனியே வந்து கேட்டார்: "ஐயா, எங்க தம்பிக்கு மனக்கோளாறுன்னு மூணு வருஷமா மாத்திரை குடுக்கறோம். இப்ப ஒருத்தர் ஆளி விதை எண்ணெய் குடுத்தா மூளை தானா சரியாயிடும், மாத்திரையே வேணாம்னு சொல்றாரு. நிறுத்திடலாமா?"

நிறுத்தக் கூடாது என்பதே இதற்குச் சுருக்கமான பதில். இருப்பினும் அவருடைய கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. உணவிலுள்ள கொழுப்புக்கும் மனச்சிதைவு நோய்க்கும் தொடர்பு உண்டா என்பதைப் பல நாட்டு விஞ்ஞானிகள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். நம் நாட்டு மருத்துவர்களும் அதில் பங்கு கொண்டுள்ளனர். அந்த ஆராய்ச்சிகள் எதைக் காட்டின, எதைக் காட்டவில்லை என்பதையும், சிறு விவசாயக் குடும்பம் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

மனச்சிதைவு நோய் என்றால் என்ன?

மனச்சிதைவு நோய் மூளையின் செயல்பாட்டில் ஏற்படும் ஒரு கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயால் பாதிக்கப்பட்டுள்ளனர். பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. பெரும்பாலும் இளவயதில், அதாவது பதினெட்டு வயதிலிருந்து முப்பது வயதுக்குள் தொடங்குகிறது. பெண்களுக்குச் சற்றுப் பிந்தித் தொடங்குவதும் உண்டு.

நோயின் அறிகுறிகளாவன: அருகில் யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, தனக்கு எதிராகச் சதி நடக்கிறது என்று உறுதியாக நம்புவது, தனக்குத் தானே பேசிச் சிரிப்பது, தூக்கமின்மை, குளிக்காமலும் உடை மாற்றாமலும் இருப்பது, வயல் வேலையிலும் வீட்டு வேலையிலும் நாட்டம் குறைந்து ஒதுங்கிப் போவது. இவற்றில் சில பல வாரங்கள் தொடர்ந்து காணப்பட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிராமங்களில் இதைப் பேய் பிடித்தது என்றும் செய்வினை என்றும் கருதிக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்காக மருத்துவத்தைத் தள்ளிப் போடக் கூடாது. பயிரில் நோய் தோன்றிய உடன் மருந்தடித்தால் மகசூல் தப்புவது போல, இந்நோயிலும் தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றவர்கள் நல்ல முறையில் தேறுகிறார்கள்.

சென்னையில் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-ல் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்கார்ஃப் என்று அழைக்கப்படும் இந்நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர்.தாராவும் உடன் பணியாற்றியோரும், 1980-களின் தொடக்கத்தில் முதன்முறையாக நோய் கண்டு சென்னையில் சிகிச்சைக்கு வந்த 90 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து வந்தனர். பத்தாண்டு முடிவில் அவர்களில் பெரும்பாலோருக்கு நோயின் கடுமை தணிந்திருந்தது. பலர் வேலை பார்த்தனர். திருமணமாகிக் குடும்பம் நடத்தினர். ஆகவே இது தீராத சாபம் என்று மனம் தளர வேண்டியதில்லை.

கொழுப்பு அமிலங்களும் மூளையும்

எந்த எண்ணெயாக இருந்தாலும் அது கொழுப்பு அமிலங்களால் ஆனது. இவற்றை நிறைவுற்றவை, நிறைவுறாதவை என்று இரு பெரும் பிரிவாகப் பிரிக்கலாம். குளிரில் உறைந்து போகும் தேங்காய் எண்ணெய், நெய், வனஸ்பதி ஆகியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். மல்லாட்டை, எள், சூரியகாந்தி ஆகியவற்றின் எண்ணெயில் நிறைவுறா கொழுப்பு அதிகம்.

நிறைவுறா கொழுப்பு அமிலங்களில் இரண்டை மட்டும் நம் உடலால் தயாரித்துக்கொள்ள முடியாது. உணவு மூலமாகவே பெற வேண்டும். எனவே இவை இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் எனப்படுகின்றன. ஒன்று, ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலிக் அமிலம். மற்றொன்று, ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். பயிருக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் தனித்தனியே தேவைப்படுவது போல உடலுக்கு இவ்விரண்டும் தனித்தனியே தேவை. ஒன்று மிகுதியாகக் கிடைப்பதால் மற்றொன்றின் குறை தீர்ந்துவிடாது.

ஈரத்தை நீக்கிப் பார்த்தால் மூளையின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புப் பொருள்களே. மூளையின் நரம்பு அணுக்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு, கொழுப்பு அமிலங்களைக் கொண்டு கட்டப்பட்டது. ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்குச் செய்தி செல்வது இந்தச் சவ்வின் வழியேதான். டி.எச்.ஏ. எனப்படும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் இதில் முக்கியமானது. இது மீனில் நேரடியாகக் கிடைக்கிறது. ஈ.பி.ஏ. என்ற மற்றொரு ஒமேகா-3 அமிலமும் மீனில் உண்டு. கீரையிலும் ஆளி விதையிலும் உள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தை உடல் ஓரளவுக்கு இவையாக மாற்றிக்கொள்ளும். ஆயினும் மாறுவது சிறு பகுதியே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தொடர்பு இருப்பதாக ஏன் கருதப்பட்டது?

டேவிட் ஹாரோபின் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் 1977-ல் ஒரு கருத்தை வெளியிட்டார். இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களிலிருந்து உடல் தயாரிக்கும் சில பொருள்கள் மனச்சிதைவு நோயாளிகளிடம் குறைந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. பின்னர் பல நாடுகளில் நோயாளிகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சோதித்தபோது, டி.எச்.ஏ. போன்ற கொழுப்பு அமிலங்கள் அவர்களில் பலரிடம் குறைந்திருப்பது காணப்பட்டது. மருந்து எதுவும் தொடங்காத நோயாளிகளிடமும் இக்குறை காணப்பட்டதால், அதை மருந்தின் விளைவு என்று மட்டும் கூறிவிட முடியவில்லை.

இரண்டாவது காரணம் நம் நாட்டோடு தொடர்புடையது. உலக சுகாதார நிறுவனம் 1960-களின் இறுதியில் ஒன்பது நகரங்களில் மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. அவற்றில் ஆக்ராவும் ஒன்று. ஆக்ராவிலும், நைஜீரியா நாட்டின் இபாதானிலும் உள்ள நோயாளிகள், லண்டன், வாஷிங்டன் போன்ற நகரங்களில் உள்ளவர்களைக் காட்டிலும் நன்றாகத் தேறியிருந்தது அனைவருக்கும் வியப்பைத் தந்தது. 1988-ல் கிறிஸ்டென்சன் என்ற பெயருடைய இரு ஆராய்ச்சியாளர்கள் இம்முடிவுகளை அந்தந்த நாட்டு உணவுப் புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டனர். ஆடு, மாடு, பன்றி, கோழி ஆகியவற்றின் கொழுப்பை அதிகம் உண்ணும் நாடுகளில் நோயாளிகள் தேறுவது குறைவாகவும், தாவர எண்ணெயும் மீனும் அதிகம் உண்ணும் நாடுகளில் தேறுவது அதிகமாகவும் இருப்பதை அவர்கள் கண்டனர். 2004-ல் மால்கம் பீட் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் இதே முறையில் ஆராய்ந்து, சர்க்கரை அதிகம் உண்ணும் நாடுகளிலும் நோயாளிகளின் நிலை மோசமாக இருப்பதை எடுத்துக் காட்டினார்.

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். ஒரு கிராமத்தில் மகசூல் அதிகம், அங்கே வேலிகளில் ஆவாரையும் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ஆவாரையால்தான் மகசூல் கூடியது என்று சொல்லிவிட முடியுமா? மண், நீர், விதை என்று வேறு காரணம் இருக்கலாம். அது போலவே ஆக்ராவில் நோயாளியைக் குடும்பம் கைவிடாமல் பார்த்துக்கொண்டது, அவரால் முடிந்த வேலையை வீட்டிலும் நிலத்திலும் கொடுத்தது போன்றவையும் காரணமாக இருக்கலாம். எனவே இத்தகைய ஒப்பீடு ஐயத்தை எழுப்பலாமே தவிர உறுதி சொல்லாது. உறுதி வேண்டுமானால் சோதனை செய்ய வேண்டும்.

உரமிட்ட பாத்தி, உரமிடாத பாத்தி

ஒரு புதிய உரம் பலன் தருமா என்று பார்க்க நாம் என்ன செய்கிறோம்? ஒரே நிலத்தில், ஒரே ரகத்தை, ஒரே நாளில் விதைத்து, சில பாத்திகளுக்கு உரமிட்டு, சில பாத்திகளுக்கு இடாமல் விடுகிறோம். அறுவடையின்போது இரண்டையும் எடை போட்டுப் பார்க்கிறோம். உரமிடாத பாத்தி இல்லையென்றால், மழையால் வந்த மகசூலையும் உரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

மருத்துவச் சோதனையும் இவ்வாறே நடக்கிறது. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மீன் எண்ணெய் அடங்கிய மாத்திரையும், மற்றொரு பகுதியினருக்குப் பார்வைக்கு அதே போன்ற, சத்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுக்கிறார்கள். எது யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. மனம் தொடர்பான நோய்களில் இது மிகவும் அவசியம். நல்ல மருந்து தரப்படுகிறது என்ற நம்பிக்கையே சிலருக்குச் சற்று குணம் தரும். இவ்வகையில் நடந்த முக்கியமான சோதனைகள் சிலவற்றைக் காண்போம்.

பீட் குழுவினர் 2001-ல் இரு சிறு சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் இரண்டாவது, குஜராத் மருத்துவர்கள் பங்கு கொண்டு இந்தியாவில் நடத்தியது. மூன்று மாத முடிவில், வெற்று மாத்திரை பெற்ற 12 பேருக்கும் வழக்கமான மனநோய் மருந்து தேவைப்பட்டது. ஈ.பி.ஏ. பெற்ற 14 பேரில் 8 பேருக்கு மட்டுமே அது தேவைப்பட்டது. இது நம்பிக்கையூட்டும் முடிவு. ஆனால் இந்த 14 பேரிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு மருந்து தேவைப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே 2001-ல் அமெரிக்காவில் ஃபென்டன் குழுவினர் 87 நோயாளிகளுக்கு வழக்கமான மருந்துடன் தினமும் 3 கிராம் ஈ.பி.ஏ. அல்லது வெற்று மாத்திரை கொடுத்து 16 வாரம் பார்த்தனர். இரு பிரிவினருக்கும் வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

2010-ல் வியன்னா நகரிலிருந்து வந்த முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. நோய் இன்னும் முழுமையாகத் தோன்றாமல், அதற்கான முன் அறிகுறிகள் மட்டும் கொண்ட 81 இளம் வயதினருக்கு அம்மிங்கர் குழுவினர் 12 வாரம் மீன் எண்ணெய் அல்லது வெற்று மாத்திரை கொடுத்தனர். ஓராண்டில், மீன் எண்ணெய் பெற்ற 41 பேரில் 2 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்ற 40 பேரில் 11 பேருக்கும் நோய் முற்றி வெளிப்பட்டது. நோய் வருமுன் காக்கும் வழி கிடைத்துவிட்டது என்று பலர் கருதினர்.

ஓர் இடத்தில் கண்ட மகசூலைப் பல இடங்களில் மீண்டும் சோதித்துப் பார்த்த பிறகே நாம் ஒரு ரகத்தைப் பரிந்துரைக்கிறோம். அது போல இச்சோதனையும் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆசியா ஆகிய கண்டங்களின் பத்து இடங்களில், 304 பேரைக் கொண்டு பெரிய அளவில் மீண்டும் செய்யப்பட்டது. 2017-ல் முடிவு வெளியாயிற்று. மீன் எண்ணெய் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை என்பதே அம்முடிவு.

முடிவுகள் ஏன் மாறுபடுகின்றன?

இதை நெல் விவசாயிகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். துத்தநாகக் குறை உள்ள வயலில் ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட் இட்டால், வெளிறிக் குட்டையாக நின்ற பயிர் பச்சை பிடிக்கும். குறையே இல்லாத வயலில் இட்டால் செலவுதான் மிஞ்சும். கொழுப்பு அமிலக் குறை உள்ள நோயாளிக்கு மீன் எண்ணெய் ஓரளவு உதவக் கூடும், குறை இல்லாதவருக்குப் பயன் தெரியாது என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். இதுவும் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது.

ஆகவே இன்றைய நிலையில் நாம் உறுதியாகக் கூறக் கூடியது இதுதான்: எந்த எண்ணெயும் மனச்சிதைவு நோயைக் குணப்படுத்துவதாக நிரூபிக்கப்படவில்லை. மனநல மருத்துவர் தரும் மாத்திரைக்கும் ஊசிக்கும் பதிலாக எந்த எண்ணெயையும் வைக்க முடியாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் திரும்பி வருவது பெரும்பாலோரிடம் காணப்படுகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தேறுவது கடினமாகிறது.

அதே சமயம், நல்ல எண்ணெயும் கீரையும் மீனும் அடங்கிய உணவு நோயாளிக்குத் தேவையே. மனச்சிதைவு நோயாளிகள் பலர் இதய நோயாலும் நீரிழிவாலும் மற்றவர்களைக் காட்டிலும் முன்னதாக இறந்து போகின்றனர். ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் நோயைக் கட்டுப்படுத்தினாலும் பசியைத் தூண்டி உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டிவிடும். எனவே உணவின் மூலம் இதயத்தைக் காப்பது கைமேல் பலன் தரும் செயலாகும்.

கருவிலிருக்கும் குழந்தையும் ஊட்டச்சத்தும்

உணவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி மிகத் தெளிவான சான்று கிடைத்திருப்பது பஞ்ச காலங்களிலிருந்துதான். இரண்டாம் உலகப் போரின்போது 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதியில் கடும் உணவுப் பஞ்சம் ஏற்பட்டது. பஞ்சத்தின் உச்சத்தில் கருத்தரித்துப் பிறந்த குழந்தைகள் வளர்ந்தபின், அவர்களிடம் மனச்சிதைவு நோய் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. சீனாவில் 1959 முதல் 1961 வரை நிலவிய பஞ்சத்தின்போது கருவானவர்களிடமும் இதே அளவு உயர்வு காணப்பட்டது. எந்தக் குறிப்பிட்ட சத்தின் குறையால் இது நேர்ந்தது என்பது தனித்துக் கூறப்படவில்லை. எனினும் கர்ப்பிணிப் பெண்ணின் உணவு, பிறக்கும் குழந்தையின் மூளையைப் பல ஆண்டுகள் கழித்தும் பாதிக்கும் என்பது தெளிவு.

நம் வீடுகளில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை மருமகள் உண்ணும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. சினை மாட்டுக்குத் தனியாகப் பிண்ணாக்கும் தவிடும் வைக்கும் நாம், கர்ப்பிணிக்கு முதலில் பரிமாற வேண்டும் என்பதை மறக்கலாகாது. வாய்ப்புள்ளவர்கள் வாரம் இருமுறை மீனும், மற்றவர்கள் கீரை, பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும்.

நம் பகுதி எண்ணெய்களின் தன்மை

மொத்தக் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எவ்வளவு என்பது கீழே தரப்பட்டுள்ளது.

1. மல்லாட்டை எண்ணெய்: ஒலிக் அமிலம் 45, லினோலிக் அமிலம் 30 முதல் 33. ஒமேகா-3 இல்லை என்றே கூறலாம்.

2. நல்லெண்ணெய்: ஒலிக் 40, லினோலிக் 43. ஒமேகா-3 ஒன்றுக்கும் குறைவு.

3. சூரியகாந்தி எண்ணெய்: லினோலிக் 60. ஒமேகா-3 மிகக் குறைவு.

4. பாமாயில்: நிறைவுற்ற கொழுப்பு 45, ஒலிக் 40, லினோலிக் 10.

5. தேங்காய் எண்ணெய்: நிறைவுற்ற கொழுப்பு 90.

6. சோயா எண்ணெய்: லினோலிக் 53, ஒமேகா-3 வகை 7.

7. ஆளி விதை எண்ணெய்: ஒமேகா-3 வகை 50-க்கு மேல்.

மல்லாட்டை எண்ணெயும் நல்லெண்ணெயும் நல்ல எண்ணெய்களே என்பதை இதிலிருந்து அறியலாம். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வரும் நம் விவசாயிகள், தம் வீட்டு எண்ணெயை விட்டுவிட்டு விலை உயர்ந்த புட்டி எண்ணெயை நாட வேண்டிய அவசியமில்லை. ஆனால் இவ்விரண்டிலும் ஒமேகா-3 இல்லாததால், அதை வேறு உணவின் மூலம் பெற வேண்டும். எண்ணெயின் அளவும் நபருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராமுக்குள் இருப்பது நல்லது.

ஒமேகா-3 கிடைக்கும் வழிகள்

பருப்புக் கீரை: தோட்டக்கால் நிலங்களில் களையாக முளைத்துத் தரையோடு படரும், தடித்த இலையும் செந்தண்டும் கொண்ட கீரை இது. களையெடுக்கும்போது பிடுங்கி வரப்பில் எறிந்துவிடுகிறோம். இலைக் காய்கறிகளில் ஒமேகா-3 மிகுதியாக உள்ளவற்றில் இது முதன்மையானது. 100 கிராம் இலையில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை இருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பருப்புடன் சேர்த்துக் கடைந்து உண்ணலாம். களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் தெளித்த வயலிலிருந்து பறிக்கக் கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மீன்: மத்தி, சாளை, கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகிய கடல் மீன்களில் ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் அதிகம். விலையும் வஞ்சிரத்தைக் காட்டிலும் குறைவு. பொரிப்பதைவிடக் குழம்பு வைப்பது நல்லது. ஏரியிலும் பண்ணைக்குட்டையிலும் வளரும் கட்லா, ரோகு, கெண்டை ஆகியவற்றில் இச்சத்து கடல் மீனைவிடக் குறைவு என்றாலும் உண்டு. மீனுக்கு இச்சத்து வருவது நீரிலுள்ள பாசி வகைகளிலிருந்துதான். எனவே சாண எரு இட்டுக் குட்டையில் பசுமை பிடிக்கச் செய்து வளர்த்த மீனில், வெறும் தவிடும் பிண்ணாக்கும் தின்ற மீனைவிட இச்சத்து கூடுதலாக இருக்கும்.

முட்டையும் பாலும்: புழக்கடையில் புல்லும் கீரையும் கொத்தித் தின்னும் நாட்டுக் கோழியின் முட்டையிலும், பசுந்தீவனம் தின்னும் மாட்டின் பாலிலும், உலர்தீவனம் மட்டும் உண்பவற்றைக் காட்டிலும் ஒமேகா-3 அதிகம். பத்து சென்ட் நிலத்தில் கம்பு நேப்பியர் புல்லோ வேலிமசாலோ வளர்ப்பது மாட்டுக்கும் நன்மை, வீட்டுக்கும் நன்மை.

ஆளி விதை: இது குளிர்காலப் பயிர். வட மாநிலங்களிலும் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பகுதிகளிலும் அதிகம் பயிராகிறது. வாங்கிப் பயன்படுத்த விரும்புவோர் இலேசாக வறுத்து, ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு இரண்டு தேக்கரண்டிப் பொடி போதும். இதன் எண்ணெய் விரைவில் சிக்கு வாடை பிடிக்கும். தாளிக்கவோ பொரிக்கவோ ஏற்றதன்று. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் ஆளி விதையோ மீன் எண்ணெய் மாத்திரையோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

தவிர்க்க வேண்டியவை: வனஸ்பதியில் செய்த தின்பண்டங்கள், ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் போடும் பஜ்ஜி, வடை, நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சர்க்கரை போட்ட தேநீர். மாத்திரையால் பசி மிகும் நோயாளிக்குக் களி, கம்பங்கூழ், மோர், காய்கறி, வேகவைத்த மல்லாட்டை ஆகியவற்றைக் கொடுத்தால் வயிறும் நிறையும், எடையும் கட்டுக்குள் நிற்கும்.

நோயாளி உள்ள விவசாய வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. பூச்சி மருந்து, களைக்கொல்லி, எலி மருந்து ஆகியவற்றைப் பூட்டிய பெட்டியில் வைத்துச் சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். மனச்சிதைவு நோயாளிகளிடம் தற்கொலை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வீட்டு மூலையில் திறந்து கிடக்கும் ஒரு புட்டி ஓர் உயிரை எடுத்துவிடும்.

2. இந்நோய்க்கான சில மருந்துகள் வியர்வையைக் குறைத்து உடல் சூட்டைக் கூட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் நடுப்பகலில் வயல் வேலை கொடுக்கக் கூடாது. காலை, மாலை வேளைகளில் வேலை செய்யட்டும். நீரும் மோரும் அடிக்கடி கொடுக்க வேண்டும்.

3. மாத்திரையால் தூக்கக் கலக்கம் இருக்கும்போது டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் வெட்டும் கருவி ஆகியவற்றை இயக்க விடக் கூடாது. தனியே கிணற்றில் இறங்கவும் விடக் கூடாது.

4. ஆடு மேய்த்தல், களையெடுத்தல், மல்லாட்டை ஆய்தல், தீவனம் போடுதல் போன்ற முடிந்த வேலையைக் கொடுத்து, அதற்குரிய கூலியையும் கையில் கொடுக்க வேண்டும். தானும் பயனுள்ளவன் என்ற எண்ணம் மருந்துக்குத் துணை நிற்கும்.

5. கஞ்சாவும் மதுவும் நோயை முற்றச் செய்யும். இவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

6. மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். மருத்துவர் சொன்ன கால இடைவெளியில் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். எடை கூடுகிறது என்பதற்காக மாத்திரையை நீங்களே குறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார். தினமும் மாத்திரை விழுங்க மறுப்போருக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியும் உண்டு.

7. எக்காரணம் கொண்டும் சங்கிலியால் கட்டி வைக்கக் கூடாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துள்ளது.

எங்கே அணுகுவது?

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் சிகிச்சை பெறலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. உங்கள் ஊருக்கு அருகில் எந்த அரசு மருத்துவமனைக்கு, எந்தக் கிழமையில் மனநல மருத்துவர் வருகிறார் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பயணச் செலவுக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தும் குடும்பங்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். மனநோயும் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அடங்கும். எனவே நீண்ட நாள் நோயாளிகளுக்கு மாற்றுத் திறனாளி அடையாள அட்டை கோரி விண்ணப்பிக்கலாம்.

ஒற்றை உரத்தால் மட்டும் பயிர் விளைவதில்லை. விதை, நீர், உரம், களையெடுப்பு, காவல் யாவும் சேர்ந்தே விளைச்சலைத் தருகின்றன. மனச்சிதைவு நோயிலும் தவறாத மருந்து, சத்தான உணவு, முடிந்த வேலை, வீட்டாரின் அன்பு ஆகிய நான்கும் சேர வேண்டும். எண்ணெயும் கீரையும் மீனும் இவற்றில் ஒரு பகுதி. அப்பகுதியை நம் நிலத்திலிருந்தும் ஏரியிலிருந்தும் குறைந்த செலவில் நாமே பெற முடியும். எனவே விவசாயப் பெருமக்கள் மருத்துவர் தந்த மாத்திரையை ஒரு நாளும் விடாமல் கொடுத்து, களையோடு எறியும் பருப்புக் கீரையை வீட்டுக்குக் கொண்டுவந்து சமைத்து, தம் குடும்பத்தின் நலத்தைக் காத்துக்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.